வாள் தின்ற கணக்கு

நீண்ட பதிவு இது. மரம், பொறி, சொல் ஆகிய மூன்றில் ஒன்றிலேனும் ஆர்வம் உள்ளவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.

'குராக்' என்பது பாரசீகத்திலிருந்து ஹிந்திக்கு வந்த சொல். உணவு, ஊட்டம், மாட்டுக்கு ஒருவேளைக்கு வைக்கும் தீனி, நோயாளிக்கு ஒருவேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு என்பன அதன் பொருள்கள். சென்ற குளிர்காலத்தில் ஹரியாணாவின் யமுனாநகர் மாவட்டத்தில் களப்பணியில் இருந்தபோது இச்சொல்லை வேறொரு பொருளில் கேட்டேன். 'ஆரா' என்றால் பெரிய வாள், அதாவது நம் ரம்பம். 'ஆரே கீ குராக்' என்றால் வாளின் தீனி. மரத்துக்குள் வாள் செல்லும் தடத்தின் அகலத்தை, பலகையாகாமல் தூளாகிப் போகும் மரத்தின் பருமனை அது குறித்தது. ஆங்கிலத்தில் இதற்குக் 'கெர்ஃப்' என்று தனிச்சொல் உண்டு. அச்சொல் அங்கு எவருக்கும் தெரியாது. தேவையும் இல்லை.

அக்களப்பணியில் திரட்டிய கருவிப் பெயர்களை ஒரு கருத்தரங்கில் முன்வைத்தபோது, மூத்த அறிஞர் ஒருவர் இவற்றை 'ஜுகாட் சொற்கள்' என்று ஒதுக்கினார். ஒரு கிராமத்தில் ஒருவர் தாமாகச் செய்துகொண்ட பொறிக்குத் தாமாக வைத்துக்கொண்ட பெயர்கள் எப்படிக் கலைச்சொல் ஆகும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அங்கேயே விடையும் சொன்னேன். ஆயினும் பத்து நிமிடத்தில் ஒரு பொறியை விளக்கிவிட முடியாது. அந்தப் பொறி எவ்வாறு உருவானது என்று தெரியாமல் அந்தச் சொற்களின் எடையும் தெரியாது. எனவே இப்பதிவு.

முதலில் நிலம். சிவாலிக் மலையடிவாரத்தை ஒட்டிய இப்பகுதியில் கோதுமைக்கும் கரும்புக்கும் இடையே வரிசை வரிசையாகப் பாப்ளர் மரங்கள் நிற்கும். அமெரிக்காவிலிருந்து வந்த மரம். 1980களில் விம்கோ தீப்பெட்டி நிறுவனம் உழவர்களிடையே பரப்பியது. ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். குளிர்காலத்தில் இலை உதிர்த்துவிடுவதால் கோதுமைக்கு வெயில் கிடைக்கும். யமுனாநகரின் ஒட்டுப்பலகை ஆலைகள் பெரும்பாலும் இம்மரத்தை நம்பியே இயங்குகின்றன. மண்டியில் இதை எடைபோட்டுக் குவிண்டால் கணக்கில் வாங்குகிறார்கள். உழவர்கள் இதைப் 'பாபுலர்' என்பார்கள், கடைப் பலகைகளிலும் அப்படியே எழுதியிருக்கும். எங்கும் காணப்படும் மரத்துக்கு அப்பெயர் பொருந்தித்தான் போகிறது. யூகலிப்டஸுக்கு இங்கு 'சஃபேதா', வெண்மரம் என்று பெயர். அதே பெயர் காஷ்மீருக்குப் போனால் பாப்ளரைக் குறிக்கும். மரப்பெயர் திரட்டுபவர்கள் கவனிக்க.

எனக்குத் தங்க இடம் தந்த வீட்டின் மூத்தவரை ஊரே 'தாவூ' என்று அழைத்தது. அப்பாவின் அண்ணனுக்கு உரிய முறைப்பெயர் அது, நம் பெரியப்பா. நானும் 'தாவூ ஜி' என்றேன், அவர் என்னைப் 'பேட்டா' என்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். பள்ளியில் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். நிலத்து வரப்பில் அவர் தகப்பனார் வைத்த சீசம் மரங்கள் சில நின்றவாறே பட்டுப்போயிருந்தன. வட இந்தியாவில் 1990களின் இறுதியிலிருந்து சீசம் மரங்களை வாட்டிவரும் நுனிகருகல் நோய் அவற்றையும் விடவில்லை. நம் ஈட்டி மரத்துக்கு நெருங்கிய உறவான மரம் சீசம். கதவுக்கும் கட்டிலுக்கும் அதற்கு இணையாக அங்கு வேறொன்றைச் சொல்வதில்லை. தம்பி மகன் கட்டும் வீட்டுக்கு அந்தச் சீசத்தில்தான் கதவு செய்ய வேண்டும் என்பது தாவூவின் விருப்பம்.

அறுவை ஆலைக்குக் கொண்டுபோனால் என்ன? கேட்டேன். ஐந்தாறு மரத்துக்காக ஏற்றுகூலி, வண்டி வாடகை, அறுப்புக் கூலி, பிறகு மீண்டும் வண்டி. அதைவிட முக்கியமாக, கொண்டுபோன மரத்திலிருந்து எத்தனை பலகை வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முன்பொரு முறை அத்தனை திரும்பி வரவில்லை. அவருடைய தாத்தா ஆராகஷ் வேலை செய்தவர். 'கஷ்' என்றால் பாரசீகத்தில் இழுப்பவர். குழிக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளை இழுத்து மரத்தைப் பலகையாக்கும் தொழில். தடியைப் பார்த்தவுடன் பலகை எண்ணும் பழக்கம் அந்த வழியில் வந்திருக்க வேண்டும்.

வீட்டில் 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருந்தது. மும்முனை மின்னிணைப்பு இருந்தாலும் மின்சாரம் வரும் நேரத்தை நம்ப முடியாது. டிராக்டரின் பின்புறம் விசை வெளியேறும் அச்சு ஒன்று உண்டு, எல்லாரும் பி.டி.ஓ. என்று சொல்வது. நிமிடத்துக்கு 540 சுற்று என்பது அதற்கு உலகெங்கும் வழங்கும் தர அளவுகளில் ஒன்று. கதிரடிக்கும் பொறியை அதில் பூட்டுவது அங்கு அன்றாடக் காட்சி. டீசல் எந்திரத்தில் வேகத்தைக் காக்கும் அமைப்பு இருப்பதால், வாள் கடின மரத்தில் இறங்கும்போது எரிபொருள் தானே கூடி, சுற்று அதிகம் குறையாமல் நிற்கும். மரமறுக்க இது பெரிய வசதி.

தம்பி மகன் முதலில் வட்டவாள் போடலாம் என்றாராம். செய்வது எளிது: ஓர் அச்சு, ஒரு தட்டு, இரண்டு பேரிங், முடிந்தது. தாவூ மறுத்ததற்குக் காரணம் குராக். அந்த அளவு வட்டவாள் ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தின்னும். மெல்லிய பட்டைவாள் 2 மில்லிமீட்டர் தின்னும். பன்னிரண்டு முறை அறுத்தால் முன்னதில் 72 மில்லிமீட்டர் தூளாகும், பின்னதில் 24. ஓர் அங்குலப் பலகைக் கணக்கில், ஒன்று கிட்டத்தட்ட மூன்று பலகையை விழுங்குகிறது, மற்றொன்று ஒரு பலகையோடு நிறுத்திக்கொள்கிறது. பட்டுப்போன சீசம் மறுபடி முளைக்காது என்றார். ஆகவே பட்டைவாள்.

பட்டைவாள் என்பது இரு முனையும் பற்றவைத்து வளையமாக்கிய எஃகுப் பட்டை. இரண்டு சக்கரங்களின் மேல் ஓடும். பெரிய ஆலைகளில் அச்சக்கரங்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. இவர் பழைய இரும்புக்கடையிலிருந்து மாருதி 800 காரின் இரண்டு சக்கரங்களை டயரோடு வாங்கி வந்தார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஓடும் பட்டை சக்கரத்திலிருந்து நழுவாமல் இருக்க, சக்கரத்தின் விளிம்பு நடுவில் சற்றே மேடாக இருக்க வேண்டும். பட்டை எப்போதும் மேட்டை நோக்கி ஏறும் இயல்புடையது. வார்ப்பிரும்பில் அந்த மேட்டைக் கடைசல் பட்டறையில் காசு கொடுத்துக் கடைய வேண்டும். காற்றடித்த டயருக்கு அது பிறவியிலேயே உண்டு. பட்டையின் பற்கள் உரசாமல் இருக்கவும் ரப்பர் உதவுகிறது. சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 20 அங்குலம், இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 அடி, ஆகப் பட்டையின் நீளம் 13 அடி 3 அங்குலம். இந்தக் கணக்கை அவர் மாட்டுக்கொட்டில் சுவரில் கரித்துண்டால் போட்டிருந்தார். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வேகத்தின் கணக்கும் அங்கேயே இருந்தது. பி.டி.ஓ. விசையை வாங்கும் இடையச்சில் 14 அங்குலக் கப்பி, வாள் சக்கரத்தின் அச்சில் 8 அங்குலக் கப்பி. 540 சுற்று 945 ஆகிறது. டயரின் சுற்றளவோடு பெருக்கினால் வாள் நொடிக்கு 25 மீட்டர் ஓடும். நடுத்தரப் பட்டைவாளுக்குத் தகுந்த வேகம் இது. அவர் சுவரில் மீட்டர் இல்லை, அடி இருந்தது. விடை ஒன்றுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். வீட்டில் செய்யும் பட்டைவாள் பொறிகளில் பெரும்பாலும் மரம் அசையாது கிடக்கும், வாளும் அதை ஓட்டும் சிறிய எந்திரமும் ஒரே சட்டத்தில் அமர்ந்து தண்டவாளத்தின்மேல் மரத்தைக் கடந்து செல்லும். இங்கு எந்திரம் என்பது ஒரு டிராக்டர். நின்றுகொண்டிருக்கும் டிராக்டரிலிருந்து நகர்ந்துகொண்டிருக்கும் வாளுக்கு விசையைக் கடத்துவது எப்படி? இக்கேள்வியில் மூன்று வாரம் போயிற்று என்றார் அவருடைய துணைவியார். பேச்சும் குறைந்துவிட்டதாம். முடிவில் வாளை நிறுத்திவிட்டு மரத்தை நடக்கவிட்டார். நான்கு சக்கர வண்டியொன்றில் தடியைக் கிடத்தி, கவிழ்த்துப் போட்ட கோண இரும்பைத் தண்டவாளமாக்கி, வண்டியைக் கையால் தள்ளுவது. இதற்கு ஒரு விலை உண்டு. 10 அடி மரத்துக்கு 20 அடிக்கு மேல் தண்டவாளம் வேண்டும். இரும்பு கூடியது, சிக்கல் தீர்ந்தது.

முழுமையாகத் தீரவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் வாள்சட்டம் கீழே இறங்க வேண்டும், டிராக்டரின் அச்சோ இருந்த உயரத்தில்தான் இருக்கும். இடையே உள்ள தண்டு சாய்ந்தும் நீண்டும் கொடுக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரட்டைத் தண்டும், இரு முனையிலும் மூட்டும் கொண்ட பழைய தண்டு ஒன்று கிடைத்தது. இத்தகைய மூட்டில் ஒரு நுட்பம் உண்டு. சாய்வாகச் சுழலும் ஒற்றை மூட்டு, ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடி இருமுறை குறையும். இரண்டாவது மூட்டு அதே கோணத்தில், முதல் மூட்டுக்கு நேராக அமைந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நேர் தவறிப் பூட்டினால் பொறி முழுவதும் அதிரும். தாவூ அந்த மூட்டின் கவைகளைக் 'கான்', காது என்றார். "இரண்டு காதும் ஒரே பக்கம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டைதான்" என்பது அவர் வாக்கியம். என் சேகரிப்பில் அது அப்படியே உள்ளது. பொறியியல் மாணவர் ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டியபோது, பாடநூலில் அரைப்பக்கம் எடுத்துக்கொள்ளும் செய்தி இது என்றார்.

இப்போது குராக்குக்கு வருகிறேன். வாள்சட்டத்தை ஏற்றி இறக்க இரு பக்கமும் இரண்டு திருகுத் தண்டுகள். இரண்டும் சமமாகத் திரும்புவதற்காகச் சைக்கிள் சங்கிலியால் இணைத்திருந்தார். கடைசல்காரரிடம் சொல்லி, கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் கால் அங்குலம் இறங்கும்படி மரை வெட்டியிருந்தார். ஓர் அங்குலப் பலகைக்கு நான்கு சுற்று என்றுதான் எவரும் எண்ணுவோம். நான்கு சுற்றில் நிறுத்தினால் வரும் பலகை ஓர் அங்குலம் இராது. நடுவில் வாள் தின்றது போக மீதிதான் பலகை. எனவே அவர் நான்கு சுற்று முடிந்து, ஐந்தாவது சுற்றின் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துகிறார். கால் அங்குலத்தில் மூன்றில் ஒன்று ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். கைப்பிடிச் சக்கரத்தில் அந்த இடத்தில் சிவப்புச் சாயப் புள்ளி ஒன்று இருந்தது. அதற்குக் 'குராக் கா நிஷான்' என்று பெயர், தீனிக்குறி.

அந்தப் புள்ளிதான் கருத்தரங்கில் நான் காட்ட விரும்பியது. குராக் என்பது அவர் வாயில் உவமையாகத் தொடங்கியிருக்கலாம். கைப்பிடிச் சக்கரத்தில் அது ஓர் எண். அந்தச் சொல்லை வைத்து அளக்கிறார், கூட்டுகிறார், பொறியின்மேல் குறியிடுகிறார், தம்பி மகனுக்குக் கட்டளையிடுகிறார். பற்களை இருபுறமும் சற்று அதிகமாகச் சாய்த்துக் கூர்வைத்த நாளில் "இன்று குராக் கூடும்" என்று சொல்லிப் புள்ளியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். கலைச்சொல்லுக்கு நாம் வகுக்கும் இலக்கணத்தில் இதற்கு மேல் என்ன கேட்கிறோம்? வரையறுத்த பொருள், ஒரே சூழலில் ஒரே பயன்பாடு, பிற சொற்களோடு உறவு, கற்பிக்கக்கூடிய தன்மை ஆகிய நான்கும் அதில் இருந்தன. ஒருவர் மட்டும் வழங்குவது என்ற தடையும் நிற்கவில்லை. பக்கத்து ஊர்க் கொல்லரும் கடைசல்காரரும் அச்சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்தியதை நானே கேட்டேன்.

'ஜுகாட்' என்ற சொல்லின்மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். கிடைத்ததை வைத்துக் காரியத்தை ஒப்பேற்றுவது என்று பொருள். டீசல் பம்பு எந்திரத்தைப் பூட்டிய வண்டிக்கும் வட இந்தியாவில் அதுவே பெயர். 2012இல் அதைத் தலைப்பிலேயே வைத்து ஒரு மேலாண்மை நூல் வந்தபிறகு கருத்தரங்குகளில் அதற்குப் புதிய மதிப்பும் வந்துவிட்டது. மானிடவியல் படித்தவர்கள் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் எழுதிய நூலில் பொறியாளரையும் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்பவரையும் எதிரெதிரே நிறுத்தியதை நினைவுகூர்வார்கள். பாராட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சியாகச் சொன்னாலும் அச்சொல் ஒரே காரியத்தைச் செய்கிறது: கணக்கை மறைத்துவிடுகிறது. மாருதி டயரைப் பார்த்துப் படம் எடுப்பவர்கள் சுவரில் உள்ள கரிக்கோட்டைப் படம் எடுப்பதில்லை. தாவூவே அச்சொல்லைத் தம் பொறிக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. 'மெஷின்' என்றுதான் சொன்னார். ஒருமுறை விருந்தாளி ஒருவர் 'நல்ல ஜுகாட்' என்றபோது அவர் பதில் பேசாமல் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கொடுத்தார்.

ஜுகாட் மறைக்கும் இன்னொன்று ஆபத்து. தாவூவின் தம்பிக்கு இடக்கையில் இரண்டு விரல் இல்லை. இளம் வயதில் கதிரடிக்கும் பொறியில் போனவை. அத்தகைய விபத்துகள் பெருகியதால்தான் கதிரடி பொறிகளுக்கென 1983இல் அபாயகரப் பொறிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. குர்தாவின் நுனியோ துப்பட்டாவோ சுழலும் தண்டில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளும் நேரம் எவருக்கும் கிடையாது. பொறியின் எல்லாப் பகுதிகளையும் தாவூ வடிவமைத்தார், காவல்களை மட்டும் தம்பி வடிவமைத்தார். சுழலும் தண்டின்மேல் பாசனக் குழாயை உறையாகப் போட்டு, அது தண்டோடு சேர்ந்து சுழலாதபடி சங்கிலியால் சட்டத்தில் கட்டியிருந்தார். வாள் மரத்தைத் தொடும் இடம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் தகரம். வாள் ஓடும்வரை ஒருவர் டிராக்டர் இருக்கையில் அமர்ந்து பி.டி.ஓ. நெம்புகோலில் கையை வைத்தபடி இருக்க வேண்டும், வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது, பேசவும் கூடாது. பொறி நன்றாக ஓடும்போது அது மிகச் சலிப்பான வேலை. அந்த இருக்கைக்கு அவர் சிறுவர்களை அனுமதிக்கவில்லை. வாளின் எதிரே எவர் நிற்கலாம், எவர் நிற்கக் கூடாது என்பதற்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு இருந்தது. என் இடம் கோட்டுக்கு வெளியே.

சோதனை அறுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சீசத்தை முதலில் தொடவில்லை. காற்றில் சாய்ந்த சஃபேதா தடி ஒன்றைக் கிடத்தினார்கள். முதல் பலகை வாளை விட்டு வெளியே வந்ததும் வில்லாக வளைந்தது. கூடியிருந்தவர்கள் வாளைக் குறை சொன்னார்கள். தாவூ மரத்தைச் சொன்னார். யூகலிப்டஸ் வளரும்போதே தன் உடலுக்குள் இறுக்கத்தைச் சேர்த்து வைக்கும் மரம். வெளிப்பகுதி இழுபட்டும் நடுப்பகுதி நெருக்குண்டும் இருக்கும். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனால் சமநிலை குலைந்து எஞ்சிய தடியும் வளையும். ஒரு பக்கம் ஒரு பலகை எடுத்ததும் தடியைத் தலைகீழாகப் புரட்டி மறுபக்கம் ஒன்று எடுக்க வேண்டும், இப்படி மாற்றி மாற்றி. "இரண்டு பக்கமும் கேட்டுத்தான் பாகம் பிரிக்க வேண்டும்" என்றார். சொத்துப் பிரிவினைக்கு வழங்கும் 'பட்வாரா' என்ற சொல்லை இந்த அறுப்பு முறைக்கு அவர் பயன்படுத்தினார். நான்காவது பலகை நேராக வந்தது. பிற்பகலில் சீசம். உள்மரத்தின் பழுப்பு நிறம் வெளிப்பட்டபோது சிறிது நேரம் எவரும் பேசவில்லை. எந்திரம் ஓடும்போது பேச முடியாது என்பதும் காரணமாக இருக்கலாம். வாளில் பிசுக்கு ஒட்டாமல் இருக்கத் தலைக்கு மேலே தொங்கிய தகர டப்பாவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தூளை 'புராதா' என்பார்கள். அதையும் சாக்கில் அள்ளினார்கள், மாட்டுக்கொட்டிலில் பரப்ப.

அன்று மாலையே சிக்கல் வந்தது. நகரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், உரிமம் வாங்கினீர்களா என்று கேட்டார். மின்விசையாலோ எந்திர விசையாலோ சுற்றுமரத்தை அறுக்கும் அமைப்புக்கு உரிமம் வேண்டும். தாவூவுக்கு அது ஆலைகளுக்கான சட்டமாகத் தெரிந்திருந்தது. தம் வீட்டு மரத்தைத் தம் வீட்டுக்கு அறுப்பது ஆலையாகுமா என்று என்னிடம் கேட்டார். மொழி படித்தவர் என்பதால் இந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது.

இந்தச் சட்டத்தின் வேர் நம் பக்கத்தில் இருப்பது எனக்கு முன்பே தெரியும். நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 12.12.1996 அன்று வந்த ஆணை நாடு முழுவதையும் தழுவியது. அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களில் அறுவை ஆலைகள் மூடப்பட்டன. 2002 அக்டோபரில், மைய அதிகாரக் குழுவின் முன்னனுமதி இன்றிப் புதிய அறுவை ஆலைகளை எந்த மாநிலமும் அனுமதிக்கக் கூடாது என்ற ஆணை வந்தது. 2016இல் வந்த நடுவண் அரசின் வழிகாட்டுதல்களுக்குப் பின் அவ்வதிகாரம் மாநில அளவிலான குழுக்களிடம் உள்ளது. மொழியியல் மாணவர்களுக்கு அந்த 1996 ஆணையில் ஒரு சுவையான செய்தி உண்டு: 'காடு' என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதியிருந்தாலும், பார்ப்பவர்கள் காடு என்று சொல்வது காடுதான்.

'அறுவை ஆலை' என்பதற்கு அந்தச் சலுகை இல்லை. அகராதிப் பொருளில் ஆலை என்றால் கூரை, தொழிலாளர்கள், வாடிக்கையாளர்கள், பெயர்ப்பலகை எல்லாம் மனத்தில் வரும். விதிகளின் வரையறையோ விசையையும் வாளையும் சுற்றுமரத்தையும் பார்க்கிறது. தாவூவின் தாத்தா இதே வரப்பில் இதே மரத்தைக் கையால் இழுத்து அறுத்திருந்தால் அது தொழில் அல்லது உழைப்பு. பேரன் டிராக்டரைப் பூட்டினால் ஆலை.

இதை நான் அநீதி என்று எழுதவில்லை. அதே மாவட்டத்தில்தான் கலேசர் தேசியப் பூங்கா இருக்கிறது. சால் மரமும் கைர் மரமும் நிறைந்த காடு. டிராக்டரின் பின்னால் இழுத்துச் செல்லக்கூடிய வாள் ஒன்று இரவில் காட்டோரம் போய் நின்றால், விடிவதற்குள் அடிமரம் பலகையாகி, அது எந்த மரம் என்ற அடையாளமே இல்லாமல் போகும். சட்டம் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் அந்த அச்சத்தின் எல்லைக்குள் பட்டுப்போன ஐந்து சீசமும் ஒரு கதவும் அகப்பட்டுக்கொள்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு சொல் விதிகளில் இருக்குமா என்று இரண்டு இரவு தேடினேன். எனக்குக் கிடைத்த மட்டில் அவர் பொறி வரையறைக்குள் வருகிறது என்று அவரிடம் சொன்னேன்.

அவர் வாதிடவில்லை. அன்றே வாளைக் கழற்றிவிட்டார். பதின்மூன்று அடி வளையத்தை ஒரு காலால் மிதித்து, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் அது மூன்று சிறு வளையங்களாகத் தானே மடங்கிக்கொள்ளும். அதைச் சுவரில் ஆணியில் மாட்டினார். மறுவாரம் உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். 'அமைவிடம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் அரைமணி நேரம் போயிற்று. சட்டம் தரையில் பதிக்கப்பட்டது, விசையோ உழப் போயிருக்கும். 'உற்பத்தித் திறன்' என்ற கட்டத்தில் 'ஒரு கதவு' என்று எழுதச் சொன்னார் தாவூவின் தம்பி. நான் எழுதவில்லை. அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். இப்பதிவை எழுதும் நாள்வரை விடை வரவில்லை.

அறுத்து முடித்த சீசப் பலகைகள் கொட்டிலின் நிழலில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே மெல்லிய சட்டங்கள், காற்றுப் போக. முனைகள் வெடிக்காமல் இருக்கச் சாயம் பூசியாயிற்று. ஓர் அங்குலப் பருமனுக்கு ஓர் ஆண்டு என்பது அவர்கள் கணக்கு. எனவே கதவு அடுத்த குளிர்காலத்துக்குப் பிறகுதான்.

ஒரு வேண்டுகோள். தெற்கில் இத்தொழிலின் சொற்கள் எனக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் ரம்பம், மலையாளத்தில் ஈர்ச்சவாள், கன்னடத்தில் கரகஸ என்று கருவியின் பெயர் எளிதில் கிடைக்கிறது. வாள் தின்னும் அகலத்துக்குப் பெயர் கிடைக்கவில்லை. மரவாடியிலோ தச்சுப் பட்டறையிலோ வளர்ந்த நண்பர்கள், உங்கள் வீட்டில் அதை எப்படிச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். ஊரையும், சொன்னவர் மரம் அறுப்பவரா தச்சரா என்பதையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். இருவரும் ஒரே சொல்லைத்தான் வழங்குகிறார்களா என்பது தெரிய வேண்டும்.